அந்த ஆண்டு நாங்கள் ஏன் கடலைக் கடக்கவில்லை

(பாடசாலையின் நூற்றாண்டை முன்னிட்டு மடுல்கெல்லையில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையை நால்வர் சேர்ந்து எழுதினோம். ஒரே படகின் நான்கு பங்குக்காரிகள் நாங்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் கணித ஆசிரியை. நான்காமவர் எங்களுக்கு மூன்று வகுப்புக் கீழே படித்த தாதி. யாராவது கோபித்துக் கேள்வி கேட்டால் அதற்குப் பழகியவர் வைத்தியர்தான் என்று மற்ற மூவரும் முடிவுசெய்து அவரை மேலே அனுப்பிவிட்டார்கள். ஆகவே "நாங்கள்" என்றே பேசப்போகிறோம்.

சங்கச் செயலாளர் எங்களுக்குத் தந்த தலைப்பு "கடல் கடந்த நம் மாணவிகள்". அதை மாற்றிவிட்டோம், மன்னிக்க வேண்டும். உங்களுக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய விளக்கம் ஒன்று சில ஆண்டுகளாகப் பாக்கி நிற்கிறது.

2019இல் உங்களில் பலர் எங்களை நம்பிப் பணம் தந்தீர்கள். இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டிலிருந்து பிரான்சின் செர்பூர் துறைமுகம் வரை, ஏறக்குறைய 70 கடல் மைல், எங்கள் பழைய பாய்ப்படகில் ஜூலை மாதம் போவதாகச் சொன்னோம். மைலுக்கு இவ்வளவு என்று நீங்கள் தரும் பணம் பாடசாலையின் குடிநீர்த் தாங்கிக்கும் மாணவிகளின் கழிப்பறைக்கும் போகும் என்றும் சொன்னோம். டொரொண்டோவிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணம் வந்தது. இந்த ஊரில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தன் ஒருநாள் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஏப்ரல் கடைசியில் "படகில் ஒரு பழுது, இவ்வருடம் போகவில்லை" என்று ஒரே வரியில் செய்தி அனுப்பினோம். அந்த மாதம் 21ஆம் திகதி நாட்டில் நடந்ததற்குப் பிறகு, ஒரு படகின் கதையை விரித்து எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அதை இன்று சொன்னால் விளங்கும். அன்று விளங்கவில்லை. "பயந்துவிட்டார்கள்" என்றார்கள் சிலர். "காசை வாங்கிக்கொண்டு கதை விடுகிறார்கள்" என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சுக்குக் கணக்காளர் இறுதியில் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். முதலாவதில் பாதி உண்மை.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் எதற்கு என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இங்கிருந்து பார்த்தால் தெரிவது நக்கிள்ஸ் மலையும் பனியும் ஹுலுகங்கைப் பக்கத்துப் பள்ளமும்தான். பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் போய்வருவதே எங்களுக்கு நெடும்பயணம். ஆனால் நம் பூட்டன் பூட்டிமார் இந்த மலைக்கு வந்ததே கடல்வழியாகத்தானே. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்குமுன், பாய்த்தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள் அவர்கள். எங்கள் கணக்காளரின் தாய்வழி வடமராட்சி. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் ஆல்பேர்ட் ரொபின்சன் வாங்கி வேறு பெயர் சூட்டியபின், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. "எங்கட ஆக்கள் அத்திலாந்திக்கையே கடந்தவையள், இந்தக் கால்வாய் என்ன பெரிசு" என்று படகு வாங்கிய நாள் முதல் அவர் எங்களுக்குச் சொல்லி வந்தார்.

கயிற்றுக் காலத்து மாலுமிக்கு ஒரு வசதி இருந்தது. கயிறு தேய்ந்தால் பிசிறு நிற்கும். கையால் தடவினாலே தெரியும். உலோகம் அப்படியல்ல என்பதைத்தான் நாங்கள் பிந்திப் படித்தோம். பிந்தி என்று சொல்வதும் பிழை. சின்ன வயதிலேயே எங்களுக்கு அதைக் காட்டித் தந்த ஒருவர் இருந்தார்.

மேல்மலையிலிருந்து கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி, கம்பியில் வழுக்கவிட்டு ஸ்டோருக்கு இறக்கும் வழக்கம் மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சிறுவயதில் அதன் கடைசிக் காலம். அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்ட முதியவரை நாங்கள் கம்பித் தாத்தா என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு கிழிந்த சாக்குத்துண்டைக் கம்பியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கை எட்டும் இடமெல்லாம் மெதுவாக இழுத்துக்கொண்டு நடப்பார். சாக்கு எங்காவது கொளுவினால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கம்பியைப் பாறையில் பிணைத்த வளையத்தையும் பூட்டையும் கழற்றி, கிறீஸைத் துடைத்து, உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் பூட்டுவார். "வெளியில மினுங்குதே தாத்தா, ஏன் கழட்டுறீங்க?" என்று கேட்டால், "கம்பி பேசாது பாப்பா, சாக்குதான் பேசும்" என்பார்.

இனி படகுக்கு வருவோம். 1976இல் கட்டிய, 26 அடி நீளமான கண்ணாடியிழைப் படகு அது. 2016இல் நால்வரும் பங்குபோட்டு மலிவாக வாங்கினோம். பழைய படகு ஏன் மலிவு என்று அப்போது யோசிக்கவில்லை.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. எங்கள் அலுமினியப் பாய்மரத்தை முன்னே ஒரு கம்பி, பின்னே ஒரு கம்பி, இரு பக்கமும் மும்மூன்று கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு, 19 இழை முறுக்கிய துருப்பிடிக்காத உருக்கு. புதிதாக இருக்கையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 கிலோ தாங்கும். கம்பியின் கீழ்முனையில் அதை இறுக்குவதற்கு டர்ன்பக்கிள் என்ற திருகு. அந்தத் திருகைப் படகின் உடலோடு பிணைப்பது செயின்பிளேட் என்ற தகடு. தகட்டின் நுனி மட்டுமே மேல்தளத்தில் தெரியும். மிகுதி தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, உள்ளறையின் பலகைத் தடுப்பில் நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். பாயில் அடிக்கும் காற்றின் விசையெல்லாம் கடைசியில் வந்து நிற்பது கையகலம்கூட இல்லாத அந்தத் தகட்டில்.

ஏப்ரல் முதல் வாரம் பாய்மரத்தை இறக்கினோம். கடல் கடக்கப் போகிறோமே, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அந்தத் துறையில் நாற்பது வருடமாகப் பாய்மரம் பூட்டும் ஒரு முதியவரைக் கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "கம்பி கடைசியாக எப்போது மாற்றியது?" முன்னைய சொந்தக்காரரின் குறிப்புப் புத்தகத்தில் 2002 என்றிருந்தது. பத்து ஆண்டு தாண்டினாலே மாற்றச் சொல்வார்கள், எங்களுடையதற்குப் பதினேழு. அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பஞ்சு இருக்கிறதா?" என்றார். ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் நிற்கும் இடத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? பஞ்சைக் கம்பியில் சுற்றி இழுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பனியில் சாக்குத்துண்டோடு நடந்த கம்பித் தாத்தாவின் நடையே அது.

வலப்பக்கக் கம்பியின் கீழ்முனையில், அது உலோக உறைக்குள் நுழையும் இடத்தில், பஞ்சு கொளுவியது. ஓர் இழை அறுந்திருந்தது. பத்தொன்பதில் ஒன்றுதானே என்றார் எங்கள் கணித ஆசிரியை. மீதிப் பதினெட்டும் அதே வயதுதான் என்றார் முதியவர். கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அந்த உறைக்குள் போய்த் தேங்குவதால், மேல்முனையைவிடக் கீழ்முனைதான் முந்திக் கெடுமாம். பிறகு பூட்டு ஊசிகளைக் கழற்றி அளந்தார். எட்டு மில்லிமீற்றர் இருக்கவேண்டிய ஊசியின் இடுப்பு, தேய்ந்து ஏழு சொச்சமாக இருந்தது. ஊசி நுழையும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் நீண்டிருந்தது. துளை பெருத்தால் ஊசி ஆடும், ஆடினால் இன்னும் தேயும், ஒவ்வொரு அலைக்கும் ஓர் அடி விழும்.

அதன்பின் அவர் படகுக்குள் இறங்கி, உயிர்காப்பு அங்கிகள் வைக்கும் அறையைத் திறந்தார். இடப்பக்கத் தகட்டுக்குக் கீழே பலகையில் ஒரு மண்ணிறக் கோடு வழிந்திருந்தது. மூன்று வருடமாக அதைத் தேநீர்க்கறை என்று நினைத்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சவர்க்காரம் போட்டுத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தவர் எங்கள் கணக்காளர். அந்த நாளை அவர் இன்றும் பகிடியாகச் சொல்வதில்லை.

தகட்டைக் கழற்ற ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. மேலே தெரிந்த நுனி கண்ணாடிபோல் மினுங்கியது. போல்ட் பூட்டிய கீழ்ப்பகுதியும் நன்றாகவே இருந்தது. தளத்தின் தடிப்புக்குள், யாருடைய கண்ணும் போகாத இரண்டு அங்குல இடத்தில்தான் தகடு கறுத்துச் சொறிந்து கிடந்தது. முதியவர் அதைச் சுத்தம்செய்து, சிவப்புச் சாயம் ஒன்றைத் தெளித்தார். கால்மணி நேரம் விட்டு அதைத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தார். நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், வெள்ளையின் நடுவே மயிர் போல ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. தகட்டின் அகலம் 38 மில்லிமீற்றர். கோட்டின் நீளம் 17.

இங்கே வைத்தியர் கொஞ்சம் தன் துறைக்குள் போக அனுமதி கேட்கிறார். துருப்பிடிக்காத உருக்கு என்பது துருவே பிடிக்காத பொருளல்ல. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, மேலே மிக மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகிறது. அந்தத் தோல் கீறுப்பட்டாலும் ஒட்சிசன் இருந்தால் தானே ஆறிவிடும். ஒட்சிசன் போகாத இடுக்கில், உப்புநீர் தேங்கி நின்றால், தோல் ஆறாது. அங்கே அரிப்பு உள்நோக்கிப் போகும். வெளியே காற்றுப் படும் பகுதி பளபளவென்றே இருக்கும். படகுகளில் பாவிக்கும் 316 என்ற வகை உருக்கின் ஒரு வடிவத்தைத்தான் முறிந்த எலும்பைப் பூட்டும் தகடுகளுக்கும் நீண்டகாலமாகப் பாவித்து வந்தார்கள். உடம்பின் திரவமும் உப்புநீர்தானே. எலும்பிலிருந்து கழற்றியெடுத்த தகடுகளில், திருகாணித் தலை உட்காரும் துளையின் விளிம்பில், இதே இடுக்கு அரிப்பைக் காணலாம். எலும்பு பொருந்தாமல் தகடே பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தால், அது பல நேரம் முறிவுக்கு அருகிலுள்ள துளையில்தான் உடையும். கழற்றிய எலும்புத் தகடுகளைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் எங்களுக்குள் இருந்தும், ஒரு கறையை மூன்று வருடம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு நடந்ததைத்தான் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லவேண்டும். படகின் சின்ன மேசையைச் சுற்றி இருந்து சண்டை போட்டோம். "எழுபது மைல்தானே, நல்ல காலநிலை பார்த்துப் போவோம்" என்றார் ஆசிரியை. "மூன்று வருடம் இதே தகட்டோடுதானே ஓடினோம், இன்னும் இரண்டு நாள் தாங்காதா?" வெடிப்பை ஒட்டவைத்து மேலே இன்னொரு தகட்டைப் போடலாமா, பெரிய போல்ட் போடலாமா என்று வழி தேடினோம். பணம் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிட்டது. போகாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று தெரியும். போவதா விடுவதா என்று கை தூக்கச் சொன்னபோது, போவோம் என்று மூன்று கை எழுந்தது. அதில் ஒன்று வைத்தியருடையது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த உரைக்கு அர்த்தமில்லை.

கை தூக்காதவர் எங்களில் இளையவரான தாதி. அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, வார்ட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு படம் வந்தால் நீங்கள் வீட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முந்திய செப்டெம்பரில் நாங்கள் பார்த்தவை இன்னும் மறக்கவில்லை. தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் ஓட்டத்தில், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் துரியா என்ற படகு 2018 செப்டெம்பர் 21இல் தென் இந்து சமுத்திரப் புயலில் கவிழ்ந்தெழுந்து பாய்மரத்தை இழந்தது. முதுகெலும்பு முறிந்து எழும்ப முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சு மீன்வளக் கப்பலான ஒசிரிஸ் 24ஆம் திகதிதான் எட்டியது. அதே ஓட்டத்தில் டிசம்பர் மாதம் சூசி குடோல் என்ற இளம்பெண்ணின் படகும் தென் பசிபிக்கில் குப்புறப் புரண்டு பாய்மரம் இழந்தது. இவர்களின் கம்பிகள் பழசாக இருந்து அறுந்தன என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடல் எதையும் கவிழ்க்கும். ஆனால் பாய்மரம் விழுந்தபின் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு அவர்கள் காட்டினார்கள். விழுந்த மரம் கம்பிகளில் தொங்கிக்கொண்டு படகின் பக்கத்தை இடிக்கும். கம்பிகளை வெட்டிவிடாவிட்டால் படகையே துளைக்கும். செர்பூருக்குப் போகும் வழி கப்பல்கள் வரிசையாக ஓடும் தெரு. அங்கே நள்ளிரவில், ஆடும் தளத்தில், எங்களில் யார் கம்பி வெட்டுவது?

மேசையில் மறுபடி கை தூக்கச் சொல்லவில்லை. ஆசிரியை எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். அதுதான் முடிவு.

ஆகவே பயந்துவிட்டார்கள் என்று சொன்னவர்கள் பிழை சொல்லவில்லை. பயந்தோம். ஆனால் பயப்பட எங்களுக்கு ஒரு பின்னேரமும் ஓர் இரவும் எடுத்தது. இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் உலகைச் சுற்றிய ஆறு பெண்களும் 2018இல் திட்டத்தில் இல்லாதபடி மொரீசியஸின் போர்ட் லூயிக்குத் திரும்பி, பழுதான சுக்கான் பொறியைத் திருத்திய பிறகுதான் கோவாவுக்குப் போனார்கள். அதே தாரிணியில் 2024 ஒக்டோபர் 2இல் புறப்பட்டு, தில்னாவோடு இருவர் மட்டுமாக உலகைச் சுற்றி, 2025 மே 29இல் திரும்பியவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. நம் மொழி பேசும் ஒரு பெண். இந்தக் கூட்டத்திலுள்ள சிறுமிகள் அந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய கதையையும் சொல்லிவிடுகிறோம். உங்களில் படகு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் பல்கனிக் கம்பி, தண்ணீர்த் தாங்கி, ஊஞ்சல் எல்லாருக்கும் உண்டு.

முதியவர் எங்களுக்கு முதலில் சொன்ன பாடம், தேய்ந்ததும் வெடித்ததும் ஒன்றல்ல என்பது. தேய்ந்ததைப் பலப்படுத்தலாம். வெடித்ததை மாற்றத்தான் வேண்டும். வெடிப்பின் மேல் ஒட்டுப்போட்டால் அதன் நுனி எங்கோ உள்ளே தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். எங்கள் முன்கம்பியைப் பிடிக்கும் மூக்குத்தகடு தேய்ந்து துளை நீண்டிருந்ததே தவிர வெடிப்பில்லை, சாயம் போட்டுப் பார்த்தோம். அதைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல வருடம், புதிது கிடைக்காது. ஆகவே துளையின் இருபக்கமும் அதே உருக்கில் வட்டத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்து, ஊசிக்கு இறுக்கமாகப் பொருந்தும்படி புதிதாகத் துளைத்தார்கள். வெல்டிங் சூட்டில் உருக்கின் அந்த மெல்லிய தோல் கெட்டு நீலம்பாரிக்கும். அதை அமிலப் பசையால் கழுவித் தோலைத் திரும்ப வரச்செய்தார்கள். அழகுக்காகக் கழுவுகிறார் என்று நினைத்தோம், அப்படியில்லை.

பக்கத் தகடுகளை மட்டும் ஒட்டவில்லை. வெடித்தது ஒன்று. மற்றவற்றையும் கழற்றினால் இன்னும் இரண்டில் தொடக்கம் தெரிந்தது. ஆறையும் புதிதாக, முன்னையதிலும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பாகச் செய்வித்தோம். தடித்த தகட்டை உக்கிய பலகையில் பூட்டி என்ன பயன்? கறை வழிந்த இடத்தில் பலகைத் தடுப்பு பிஸ்கட் போல நொறுங்கியது. நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்து, புதுப் பலகை பொருத்தி, எப்பொக்சிப் பசையில் ஒட்டி, போல்ட்டுக்குப் பின்னால் அகலமான தாங்குதகடு வைத்தோம். தளத்தில் தகடு நுழையும் வெடவைச் சுற்றி ஊறிப்போன உள்மரத்தைத் தோண்டியெடுத்து, அந்தப் பள்ளத்தை எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் புதிதாக வெட்டினோம். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இந்தத் தோண்டல் வேலை முழுவதும் எங்களுடையது. பல்வைத்தியம் படித்திருக்கலாம் என்று அன்று தோன்றியது.

கம்பிகள் எட்டும் புதிது. மேல்முனை பழைய மாதிரி அழுத்திய உறைதான். கீழ்முனைக்கு மட்டும் திருகிக் கழற்றக்கூடிய உறை கேட்டு வாங்கினோம். விலை கூட, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து உள்ளே பார்க்கலாம். ஒவ்வொரு திருகுக்கும் கீழே இருபக்கமும் மடங்கும் மூட்டு ஒன்று வைத்தார் முதியவர். கம்பி ஆடும்போது திருகு வளையாமல் மூட்டு ஆடிக்கொடுக்கும். முன்பு எங்கள் படகில் பாதி இடங்களில் அந்த மூட்டு இல்லை, யாரோ சிக்கனம் பார்த்திருந்தார்கள். அலுமினிய மரத்தில் உருக்குப் பூட்டு தொடும் இடங்களுக்கெல்லாம், இரண்டு உலோகமும் உப்புநீரில் ஒன்றையொன்று தின்னாதபடி கொழுப்புப் பசை பூசினோம்.

இவ்வளவும் முடிய செப்டெம்பர் ஆகிவிட்டது. அடுத்த மார்ச்சில் கொவிட் வந்தது. எங்களில் இருவர் வைத்தியசாலையை விட்டு வெளியே வரவேயில்லை என்று சொல்லலாம். படகு இரண்டு வருடம் கரையில் நின்றது.

இனிக் கணக்கு. திருத்த வேலைக்கு உங்கள் பணத்தில் ஒரு சதமும் எடுக்கவில்லை. அது எங்கள் நால்வரின் சட்டைப்பையிலிருந்து போனது. எங்கள் வீட்டுக்காரர்கள் சாட்சி, அவர்கள் இன்னும் ஞாபகப்படுத்துகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்ட பதினொரு பேருக்கும் அந்த மே மாதமே திருப்பி அனுப்பினோம். கேட்காதவர்களுடையது தனிக்கணக்கில் கிடந்து, 2021இல் பாடசாலைக்கு வந்தது. நீங்கள் வரும்போது பார்த்த, கொங்கிரீட் தூண்களில் நிற்கும் தாங்கி அதில் கட்டியதுதான். பற்றுச்சீட்டுக் கோவை அதிபர் அறையில் இருக்கிறது. உறையில் ஒருநாள் சம்பளம் தந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னோம். "தண்ணி வந்திருச்சுல்ல, பெறகென்ன" என்று எங்களுக்குப் பிளேன் டீ ஊற்றித் தந்தார்.

2022 ஜூன் மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் செர்பூருக்குப் போனோம். பதினாறு மணித்தியாலம் எடுத்தது. பாதி வழியில் காற்று விழுந்து இயந்திரம் போட்டோம். மூவருக்கு வாந்தி. சொல்லிக்கொள்ளும்படி வேறு ஒன்றும் நடக்கவில்லை. முதியவரின் தகடுகள் ஒரு சத்தமும் போடவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில் அபிலாஷ் டோமி, முதுகெலும்பில் டைட்டேனியம் பூட்டிய உடம்போடு, பயானட் என்ற படகில் அதே ஓட்டத்துக்குத் திரும்பிப் போனார். 2023 ஏப்ரல் 29இல் இரண்டாவதாக வந்தார். இரண்டு நாள் முன்னதாக முதலாவதாக வந்தவர் தென்னாபிரிக்காவின் கேர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்ற பெண். புறப்படுவதற்கு முன் அவர் கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவில் தன் பழைய படகைக் கரையேற்றி, மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருந்தார். அந்த மாதங்களைப் பற்றி எங்கும் அதிகம் எழுதவில்லை, எங்களுக்கு அதில்தான் ஆசை.

கடைசியாக ஒரு பொருள். இதோ, அந்த இடப்பக்கத் தகடு. சுங்கத்தில் இது என்ன என்று கேட்டு அரைமணி நேரம் வைத்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறோம். சிவப்புச் சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கொளுவும். ஓரம் கூர், சிறுபிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அது பின்வரிசைக்குப் போய்வருவதற்குள் அதிபரிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் படித்த காலத்தில் அடித்த அதே தண்டவாளத் துண்டு மணி இன்றும் வராந்தாவில் அதே கொக்கியில் தொங்குகிறது. காலையில் கீழே நின்று பார்த்தோம். வளையம் கொக்கியில் உரசும் இடத்தில் பெயின்ட் இல்லை, கொக்கி வளையைக்குள் புகும் இடத்தில் ஒரு மண்ணிறக் கோடு வழிந்திருக்கிறது. அதன் கீழேதான் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் நாளை மத்தியானம் வரை இங்கே இருக்கிறோம். ஒரு ஏணியும், அந்தத் துண்டைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேரும் வேண்டும். பஞ்சு எங்களிடம் இருக்கிறது.